சங்கக் காதல் பாடல்களில் 'அடியோர்', 'வினைவலர்' என்போர் யார்? அவர்கள் ஏன் தலைமக்களாக வருவதில்லை?

அடியோர் என்பவர் ஒருவருக்குக் கட்டுப்பட்டு ஏவல் செய்வோர். வினைவலர் என்பவர் பிறர் ஏவிய தொழிலைச் செய்து பிழைப்போர். "அடியோர் பாங்கினும் வினைவலர் பாங்கினும் கடிவரை இல புறத்து" என்கிறது தொல்காப்பியம். ஒத்த காதலைப் பாடும் குறிஞ்சி முதலான அன்பின் ஐந்திணைக்கு வெளியே, அதாவது ஒருதலைக் காதலான கைக்கிளையிலும் பொருந்தாக் காதலான பெருந்திணையிலும், இவர்களைப் பாடத் தடையில்லை என்பது இதன் பொருள்.

உரையாசிரியர் இளம்பூரணர் சொல்லும் காரணம், அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் ஒழுகுவது பிறருக்குக் குற்றேவல் செய்வோர்க்கு அரிது என்பதாகும். வெளிப்படையாகச் சொன்னால், நேரமும் உடலும் தனக்கே உரியதாக இல்லாதவர் இலக்கணம் விரும்பிய காதலராக முடியாது. இது காதலைப் பற்றிய விதியைவிட ஓய்வைப் பற்றிய விதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்படி ஐந்திணைக்கு வெளியே வரும் காதலுக்குக் கலித்தொகையின் 94ஆம் பாடல் ஓர் எடுத்துக்காட்டு. அதில் அரண்மனை ஏவலரான கூனியும் (முதுகு கூனிய பெண்) குறளனும் (குள்ளமான ஆண்) ஒருவர் உடலை மற்றவர் எள்ளி நகையாடிப் பின்னர் இணங்குகிறார்கள்; அரண்மனையில் காண்பவர் சிரித்துவிடக் கூடாதே என்ற கவலையும் அங்கே எழுகிறது.

திருமண ஆல்பத்தில் மணமக்கள் பக்கம் பக்கமாக நிறைந்திருக்க, சாம்பார் வாளியோடு விரைபவர் ஏதோ ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் பதிந்திருப்பதைப் போன்றது காதல் பாடல்களில் ஏவலர் பெறும் இடம்.

மேலே கண்ட தொல்காப்பிய நூற்பாவின் 'புறத்து' என்ற சொல்லைப் போரைப் பாடும் புறத்திணை எனக் கொள்ளத் தோன்றலாம். இங்கே அது ஐந்திணைக்குப் புறம்பான இடத்தையே குறிக்கிறது.