ரெடிமேட் ப்ராஜெக்ட் வேண்டாம், வட்டிக் கணக்கு போடுங்கள்

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு, என் தோழி பி.ஏ. தமிழ். இருவரும் பைத்தான் நிரல்மொழியில் லூப், ஃபங்ஷன் வரை கற்றிருக்கிறோம். பயிற்சிக்கு என்ன ப்ராஜெக்ட் செய்யலாம்? முகத்தை வைத்து வருகை பதியும் மென்பொருளை, ரிப்போர்ட்டோடு சேர்த்து 9,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இதே மென்பொருளைத்தான் வருஷா வருஷம் விற்கிறார்கள். அட்டையில் பெயரும் கல்லூரியும் மட்டும் மாறும். உள்ளே பாதி வேலையைச் செய்வது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் லைப்ரரி, அதாவது வேறு யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பு. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் "இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டால் வாயைத் திறக்க முடியாது. இதில் கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு. தலைப்பில் 'மெஷின் லேர்னிங்' இருக்கிறதா, ஸ்பைரல் பைண்டிங் எத்தனை பக்கம் என்றுதான் பார்க்கிறார்கள். எதிரில் உட்கார வைத்துப் பத்து வரி எழுதச் சொன்னால் போதும், இந்தக் கடைகள் தானாக மூடிவிடும்.

உங்கள் பாடத்திலேயே, கையால் போட்டு விடையைச் சரிபார்க்க முடிகிற ஒரு கணக்கை எடுங்கள்.

உங்களுக்குக் கடன் தவணை. ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 12 மாதம். குறையும் நிலுவைக்கு வட்டி போட்டால் மாதத் தவணை சுமார் 8,885 ரூபாய். அதையே ஃப்ளாட் வட்டியில், அதாவது வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போட்டால் 9,333. இரண்டு இடத்திலும் '12 சதவீதம்' என்றுதான் சொல்வார்கள், ஆனால் மொத்த வட்டி ஒன்றில் 6,619 ரூபாய், மற்றதில் 12,000. மாதா மாதம் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று அட்டவணை போடும் நிரலை எழுதுங்கள். முதல் மூன்று மாதத்தைக் கால்குலேட்டரில் போட்டு ஒப்பிடுங்கள். வண்டிக் கடன் வாங்க நிற்கும் சொந்தக்காரருக்குக்கூட அது உதவும்.

தோழிக்கு எழுத்து எண்ணும் நிரல். சின்ன வேலை போலத் தெரியும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. மிகரத்தின் கொக்கியையும் ழகரத்தின் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுவதுதான் காரணம். புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகளை விட்டுவிட்டு எண்ணச் சொன்னால் 3 வந்துவிடும்.

ஓர் இடத்தில் இது உதைக்கும். 'ஔவை' என்பதைப் பலர் ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' என்று தட்டச்சு செய்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம், ஆனால் எண்ணிக்கை இரண்டுக்குப் பதில் மூன்று வரும். சரி, ஒகரத்தை அடுத்து ளகரம் வந்தாலே ஔகாரமாக மாற்று என்று எழுதினால் 'ஒளி' கெட்டுப்போகும். அந்த ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இல்லாதபோது மட்டும் மாற்ற வேண்டும். 'மெளனம்' என்று அடிப்பதிலும் இதே சிக்கல்தான். இதைத் தானாகக் கண்டுபிடித்துத் திருத்தினால் அதுவே நல்ல ப்ராஜெக்ட். அப்புறம் 1,330 குறளையும் கொடுத்து, எழுத்து மிகக் குறைந்த குறள் எது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றத் துறைக்காரர்கள் கேட்டால்: வேதியியலுக்கு மூலக்கூறு நிறை (கந்தக அமிலத்துக்கு 98 வர வேண்டும்), இயற்பியலுக்கு ஊசல் (ஒரு மீட்டர் நீளத்துக்கு அலைவு நேரம் சுமார் 2 விநாடி), விலங்கியலுக்கு டி.என்.ஏ. வரிசையை மூன்று மூன்றாகப் பிரித்து அமினோ அமிலம் கண்டுபிடிப்பது.

சென்டரில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். மார்க்‌ஷீட் நகல் கொடுத்திருந்தால் அதையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.