மழையில் கிடந்த கிளாஸ் வூல்: கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: ஐயா, மன்னார்குடியில் மாடியில் ஷீட் கூரை போட்டு ஓர் அறை கட்டினோம். வெக்கை இறங்காமலிருக்க கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) சுருள்களுக்கு ஆடியிலேயே முழுப் பணமும் கட்டினேன். ஐப்பசி கடைசியில்தான் சரக்கு வந்தது. அதுவரை கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் மழையில் கிடந்ததை என் மகன் போட்டோ எடுத்திருக்கிறான். இப்போது பங்குனியில் அறை கொதிக்கிறது, ஃபால்ஸ் சீலிங் முழுக்கக் கறை. கடைக்காரர், "காய்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார். பிரிக்காத நான்கு கட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கு மட்டும் பணம் தருவாராம். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கே அந்த நான்கு கட்டுகள்தான். பிரிக்காமல், லேபிள் தெரியப் படமெடுத்து, நனையாத இடத்தில் வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 38-ஆம் பிரிவின்படி நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கூரையில் மாட்டியதைக் காட்டினால், "உங்கள் கூரை ஒழுகியது" என்பார்கள்.

"காய்ந்தால் சரி" என்பதை நம்ப வேண்டாம். கிளாஸ் வூல் வெப்பத்தைத் தடுப்பது இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றால். அந்த இடத்தில் புகும் தண்ணீர் காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். வெயிலில் உறை கிழிந்து உள்ளே போன நீர் தேங்கினால், இழைகளைப் பிணைக்கும் பசை தளர்ந்து சுருள் அமுங்கும். அப்புறம் காய்ந்தாலும் பழைய தடிமன் வராது. கொள்முதல் நிலைய வாசலில் முளைத்துவிட்ட நெல்லைக் காயவைப்பது போலத்தான். (தெர்மோகோலாக இருந்தால் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. வெயிலில் மேல்பரப்பு மஞ்சளாகிப் பொடி உதிரும், உள்ளே பெரிதாகக் கெடாது.)

சரக்கைப் பராமரிப்பதில் உரிய கவனம் எடுக்காத விற்பனையாளரை அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவு பொறுப்பாக்குகிறது. ஆனால் அது ஃபால்ஸ் சீலிங் போன்ற பிற சேதத்துக்குத்தான். கிளாஸ் வூலின் விலையை, குறைபாடுள்ள பொருள் என்று தனியாகக் கேட்க வேண்டும். மனுவில் இரண்டையும் கலக்காதீர்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. வந்திறங்கியபின் சுருள்கள் உங்கள் மாடியில் எத்தனை நாள் கிடந்தன? தார்ப்பாய் போட்டீர்களா? 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டீர்களா? எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் பிடிக்கும். உங்கள் பங்குத் தவறு இருந்தால் தொகை குறையலாம். எதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் 15 நாள் கெடுவைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் வராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, மனு போடக் கெடு 2 ஆண்டு. மகனின் போனை மட்டும் இப்போதைக்கு விற்றுவிடாதீர்கள். அந்தப் போட்டோவை மின்னணுச் சான்றாகக் காட்டச் சான்றிதழ் கொடுக்கும்போது அது தேவைப்படும்.