தொழிலாளிகள் தன் காரையே வாங்கட்டும் என்றுதான் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் சம்பளம் கொடுத்தாரா?

இல்லை. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். 1914 ஜனவரியில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டிய ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் ஃபோர்டிடம் வேலை பார்த்தவர்கள் சுமார் 14,000 பேர். அந்த ஆண்டு ஃபோர்டு செய்த மாடல் டி கார்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். வேலையாட்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு கார் வாங்கியிருந்தாலும் மொத்த விற்பனையில் அது எந்த மூலைக்கு? அதற்காக யாராவது வருஷத்துக்கு ஒரு கோடி டாலரைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுப்பார்களா? ஃபோர்டு அறிவித்த தொகை அதுதான், ஒரு கோடி டாலர்.

நீங்கள் எம்பிஏ படிப்பவர் அல்லது எச்ஆர் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். இந்தக் கதை அந்த வகுப்புகளில்தான் ஓடும். எனக்கும் ஒரு வகுப்பில்தான் சொன்னார்கள். நான் ஒரகடம் பக்கம் காருக்கான வயரிங் ஹார்னஸ், அதாவது வயர்க் கொத்து, செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பயிற்சியாளர் பேசினார். ஃபோர்டு தன் ஆட்கள்மேல் வைத்த பாசத்தால் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார், அவர்களும் நன்றியோடு உழைத்து அவருடைய காரையே வாங்கினார்கள், நீங்களும் கம்பெனியை அப்படி நேசிக்க வேண்டும் என்றார். எங்கள் சம்பளம் எப்போது இரட்டிப்பாகும் என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை, அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான், ஃபோர்டு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

இதைப் படித்துவிட்டு, “இவள் ஏதோ சங்கத்து ஆள், முதலாளி என்றாலே ஆகாது” என்று யாராவது எழுத வருவீர்கள். நான் எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லை. மாடல் டி காரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்புத்தான். 1908 அக்டோபரில் வந்தபோது அதன் விலை 850 டாலர். 1925இல் 260 டாலருக்குக்கூடக் கிடைத்தது. வனேடியம் கலந்த எஃகு, சேற்றுப் பாதையில் தட்டாமல் போகும் உயரம், 20 குதிரைத்திறன் எஞ்சின். கீழே மூன்று பெடல். இடது பெடலை அழுத்தினால் மெதுவான கியர், விட்டால் வேகமான கியர், நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு நெம்புகோலாக இருந்தது. பெட்ரோலை இழுக்க பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து தானாக இறங்கி வர வேண்டும். அதனால் செங்குத்தான மேட்டில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏறிப் போவார்கள். 1927க்குள் இப்படி ஒன்றரைக் கோடி கார்கள் செய்தார்கள். எப்போதும் கறுப்பு நிறத்தில்தான் வந்தது என்பதும் தவறு. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். அதற்கு முன் பச்சை, சிவப்பு, சாம்பல் எல்லாம் வந்தன.

ஆக, கார் நல்ல கார். நான் சொல்ல வருவது அதைச் செய்தவர்களைப் பற்றி.

1913 ஏப்ரலில் ஹைலேண்ட் பார்க்கில் ஒரு சோதனை நடந்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்ற பாகத்தை அதுவரை ஒரே ஆள் முழுசாகப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம். அந்த வேலையை 29 துண்டாக்கி 29 பேரை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒருவர் ஒரு போல்ட்டை மாட்டிப் பக்கத்தில் தள்ளுவார், அடுத்தவர் ஒரு நட்டை முறுக்குவார். நேரம் 13 நிமிடம் 10 விநாடிக்கு இறங்கியது. பிறகு அந்த வரிசையின் உயரத்தைச் சில அங்குலம் கூட்டினார்கள், 7 நிமிடமானது. சங்கிலி போட்டுத் தானாக நகரவைத்ததும் 5 நிமிடம். அதன்பின் காரின் அடிச்சட்டமான முழு சேஸிஸையே கயிறு கட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்சால் 250 அடி தூரம் இழுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை அடுத்த ஆண்டு 1 மணி 33 நிமிடத்தில் முடிந்தது. இதை ஹென்றி ஃபோர்டு தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. சோரன்சன், மார்ட்டின், ஏவரி, கிளான் என்று அங்கே பலர் தலையைக் கொடுத்து வேலை பார்த்தார்கள். சிகாகோ இறைச்சிக்கூடங்களில் கொக்கியில் தொங்கி நகரும் மாடுகளை ஆளுக்கொரு துண்டாக வெட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தவர் கிளான்.

அந்தச் சில அங்குல உயரம் என்ன செய்யும் என்று லைனில் நின்றவர்களுக்குத் தெரியும். எங்கள் வேலையில் ஜிக் எனப்படும் பலகைகள் சுற்றிச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் வண்ண வண்ண வயர்களைப் படுக்கவைத்துக்கொண்டே போவோம். என் ஸ்டேஷனில் கதவுக்குப் போகும் கிளை பிரியும் இடத்தில் டேப் சுற்ற வேண்டும், இரண்டு கிளிப் மாட்ட வேண்டும், கனெக்டரை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அவ்வளவுதான், ஷிப்ட் முழுக்க அதே. நான் கொஞ்சம் குள்ளம். பலகையின் மேல் மூலைக்கு ஒவ்வொரு தடவையும் குதிகாலைத் தூக்க வேண்டும். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போடுங்கள் என்று லைன் லீடரிடம் எத்தனையோ முறை கேட்டேன். பக்கத்து ஸ்டேஷன் ஆள் தடுக்கி விழுவார் என்று சொல்லிவிட்டார். பாத்ரூம் போக வேண்டுமானால் ரிலீவர் வர வேண்டும், ரிலீவர் இரண்டு லைனுக்கு ஒருத்தர். லீவில் ஊருக்குப் போனால், “ஏம்மா, கை ஏன் இப்படித் தடிச்சுக் கெடக்கு?” என்று அம்மா கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இப்போது ஹைலேண்ட் பார்க்குக்கு வாருங்கள். அங்கே ஆட்கள் ஓடினார்கள். 1913இல் 14,000 பேரை வேலையில் தக்கவைக்க 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வேலையை விட்டவர்களின் விகிதம் 370 சதவீதம். கைத்தொழில் தெரிந்த மெக்கானிக்குகளால் ஒரே நட்டை நாள் முழுக்க முறுக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. டெட்ராய்ட்டில் வேறு கார் கம்பெனிகளும் இருந்தன, அங்கே போய்விட்டார்கள். ஐடபிள்யூடபிள்யூ என்ற தொழிற்சங்கமும் அதே ஆண்டு ஃபோர்டு வாசலில் கூட்டம் போட ஆரம்பித்திருந்தது. புது லைன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நிற்க ஆள் வேண்டுமே.

1914 ஜனவரி 5 அறிவிப்பு வந்தது இந்த நெருக்கடியில்தான். நாளுக்கு 9 மணி நேர வேலை 8 ஆனது, நாள் சம்பளம் 2.34 டாலர் 5 டாலர் ஆனது. இதற்காகப் பேசியதில் ஃபோர்டின் கூட்டாளி ஜேம்ஸ் கசன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு, அவர் பெயரை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. மறுநாளே தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானோர் வேலை கேட்டுக் குவிந்தார்கள். ஒரு வாரத்தில் தள்ளுமுள்ளு ஆனது. உறையும் குளிரில் நின்ற அந்தக் கூட்டத்தின்மேல் தீயணைப்புக் குழாயைத் திருப்பித் தண்ணீர் அடித்துக் கலைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வேலையை விடுவது நின்றது. 1915இல் விகிதம் 16 சதவீதம். செலவைக் குறைக்க நாங்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவுகளில் அதுவும் ஒன்று என்று பின்னாளில் ஃபோர்டே எழுதினார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த 5 டாலரும் அப்படியே கையில் கிடைக்கவில்லை. கூலி பழைய 2.34தான். மீதி 2.66 டாலருக்கு ‘லாபப் பங்கு’ என்று பெயர், அது நிபந்தனையோடு வந்தது. அதற்காகவே சமூகவியல் துறை என்று ஒன்றை ஆரம்பித்து, விசாரணை அதிகாரிகளை வீடு வீடாக அனுப்பினார்கள். தொழிலாளர்களில் பத்துக்கு ஏழு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அதனால் மொழிபெயர்ப்பாளரும் கூடவே போனார். குடிக்கிறாயா, பாஸ்புக்கைக் காட்டு, வீட்டில் எத்தனை பேரை வாடகைக்கு வைத்திருக்கிறாய், அவள் தாலிகட்டிய மனைவிதானா என்றெல்லாம் கேட்டார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் லாபப் பங்கு நிற்கும்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அதை நான் அனுபவித்திருக்கிறேன். எங்களைத் தங்கவைத்த விடுதியில் ஞாயிறு மட்டும் வெளியே போகலாம், இருட்டுமுன் திரும்ப வேண்டும். பையைத் திறந்து பார்ப்பார்கள். யாரிடம் போனில் பேசினாய், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினாய் என்று வார்டன் மேடம் கேட்பார். பதில் சரியில்லை என்றால் அப்பாவுக்குப் போன் போகும். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்பார்கள். சம்பாதிப்பது நான், கணக்குக் கேட்பது அவர்கள். பெற்றோருக்கு அது நிம்மதி தந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் சம்பளத்தோடு என் சொந்த வாழ்க்கையைச் சேர்த்துக் கட்டியதை நான் நல்லெண்ணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெண்கள் அந்த 5 டாலர் திட்டத்தில் முதலில் கிடையாது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 1916இல்தான் சேர்த்தார்கள்.

பெண்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், “கம்பெனியில நைட் ஷிப்ட் போன பொண்ணா?” என்று கேட்டுவிட்டுக் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனது. அந்த நைட் ஷிப்ட் பணத்தில்தான் என் தம்பி இன்ஜினியரிங் முடித்தான். அவனும் இன்றைக்கு நைட் ஷிப்ட்தான் போகிறான், அவனுக்கு வரன் வந்து குவிகிறது. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் இப்படி எத்தனை பெண்கள் வீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அதற்காகவே பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கேட்க எந்த வகுப்பும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 5 டாலர் அறிவிப்பு வந்த அந்த 1914 ஜனவரி மாதமே, ஃபோர்டு லைனில் நின்ற ஒருவரின் மனைவி பெயர் போடாமல் ஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார், அது இன்றும் இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் சங்கிலி முறை அடிமைகளை விரட்டுவது போல இருக்கிறது, என் கணவர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே விழுகிறார், சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறார், இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்கிறார். அதே கடிதத்தில், 5 டாலர் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய வரம், ஆனால் அவர்கள் அதை உழைத்துத்தான் வாங்குகிறார்கள் என்றும் எழுதுகிறார். ஃபோர்டைப் பற்றி நான் படித்ததில் இதைவிட நியாயமாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தால் வீடுகள் நிமிர்ந்தன, அது உண்மை. கறுப்பினத் தொழிலாளர்களை மற்ற கம்பெனிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில் ஃபோர்டு பெருமளவில் வேலைக்கு எடுத்தார், அதுவும் உண்மை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது என்னவோ உலைக்கூடத்தில் கடினமான வேலைதான்.

பாசம்தான் காரணம் என்றால் பின்னால் நடந்ததற்கு என்ன சொல்வது? 1932 மார்ச் 7 அன்று வேலையிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் டியர்பார்னில் இருந்த ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீசும் கம்பெனிக் காவலர்களும் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள், பிறகு ஐந்தாவது ஆளும் இறந்தார். 1937 மே 26இல் அதே தொழிற்சாலை வாசல் மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த கார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதரையும் அவருடன் வந்தவர்களையும், ஃபோர்டின் காவல் பிரிவை நடத்திய ஹாரி பென்னட்டின் அடியாட்கள் ரத்தம் வர அடித்தார்கள். பத்திரிகைப் படம் வெளியானதால்தான் ஊருக்கே தெரிந்தது. மற்ற பெரிய கார் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1937லேயே அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஃபோர்டு கையெழுத்துப் போட்டது 1941 ஜூனில், மூவரில் கடைசியாக.

மஸ்டாங் கார், எஃப் சீரிஸ் டிரக், 2006இல் ஃபோர்டு கம்பெனி தன் நீல முட்டை வடிவ லோகோவைக்கூட அடமானம் வைத்துக் கடன் வாங்கித் தப்பித்தது, 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, அதன்பின் மறைமலைநகர் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் போராடியது என்று இன்னும் எவ்வளவோ எழுதலாம். அதற்குத் தனிக் கேள்வி கேளுங்கள், எழுதுகிறேன்.

உங்களுக்கு இது பரீட்சைக்கோ ஸ்லைடுக்கோ வேண்டுமென்றால், 1914இன் 5 டாலரை மட்டும் தனியாகப் போடாதீர்கள். 14,000 பேருக்காக 52,000 பேரை எடுத்த 1913ஆம் ஆண்டுக் கணக்கை அதற்கு மேல்வரியில் போடுங்கள், 2.34ஐயும் 2.66ஐயும் பிரித்துக் காட்டுங்கள். அப்புறமும் யாராவது பாசம் என்று சொன்னால், வீட்டுக்கு வந்த விசாரணை அதிகாரியைப் பற்றிக் கேளுங்கள்.