குண்டுக்கு முன்பே எழுதிய சட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டார்மன் ஈட்டன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வேலை கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான், நாடு கொதித்தது, அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு வைக்கும் பெண்டில்டன் சட்டம் வந்தது. இதில் அதை எழுதிக்கொடுத்த ஒரு வக்கீலை இவ்வளவு கொண்டாட என்ன இருக்கிறது? போட்டித் தேர்வும் கடைசியில் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே சாதகம்?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

நாடு கொதித்தது உண்மைதான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். கார்ஃபீல்டைக் கிட்டோ என்ற அந்த ஆள் சுட்டது 1881 ஜூலை 2. ஈட்டன் எழுதிக்கொடுத்த மசோதாவை செனட்டர் பெண்டில்டன் செனட்டில் வைத்தது அந்த ஜனவரியிலேயே. ஜனங்களின் கோபம் நாலு மாதத்தில் ஆறிவிடும். அதற்குள் கையில் ஒரு வரைவு தயாராக இருக்க வேண்டும். அதைத் தயாராக வைத்திருந்தவர் அவர்.

நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர். நகரத்தின் 1866 சுகாதாரச் சட்டத்தை எழுதியதும் அவர்தான். தொழிலை விட்டு அரசுப் பணியைச் சீர்திருத்தும் வேலைக்கு வந்தபின், 1873-ல் ஜனாதிபதி கிராண்ட் அவரைக் குடிமைப் பணி ஆணையத்தின் தலைவராக்கினார். காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை, ஆணையம் படுத்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஈட்டன், ஜனாதிபதி ஹேஸ் கேட்டுக்கொண்டபடி 1877-ல் இங்கிலாந்து போய் அங்குள்ள முறையை ஆராய்ந்து, அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார்.

அவர் எதை எதிர்த்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1882 தேர்தலின்போது ஜே ஹப்பெல் என்ற குடியரசுக் கட்சிக்காரர் அரசு ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சம்பளத்தில் 2 சதவீதம் கட்சிக்கு வேண்டும். ‘மனமுவந்து தரும் நன்கொடை’ என்று அதற்குப் பெயர். ஆயிரம் டாலர் வாங்கும் குமாஸ்தா இருபது டாலர் கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் வேலை என்னாகுமோ என்ற பயம். 1883 ஜனவரி 16-ல் கையெழுத்தான சட்டம், அரசு அலுவலகத்துக்குள் இப்படி வசூல் செய்வதைக் குற்றமாக்கியது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. அது நியாயமான கேள்வி. வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவின் உயர் அதிகாரிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும் நடந்த காலத்தில், கப்பலுக்குப் பணம் இல்லாத இந்தியப் பையனுக்கு அந்தத் தேர்வே ஒரு சுவர்தான். ஆனால் அதற்கு முன்பு அந்தப் பதவிகள் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் சிபாரிசில் போயின. சிபாரிசு இல்லாத வெள்ளைக்காரனுக்கே அங்கே கதவு திறக்காது.

பெண்டில்டன் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பார்க்கப்போகும் வேலைக்குப் பொருந்துகிற நடைமுறைத் தேர்வாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தேறியவருக்கும் சோதனைக் காலம் உண்டு. வாஷிங்டன் துறைகளின் பதவிகளை மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பங்கிடவும் வழி செய்தது. சட்டம் அமைத்த ஆணையத்தின் மூவரில் ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. இவற்றையெல்லாம் யோசித்து எழுதியவர்களை நான் கொண்டாடத்தான் செய்வேன்.

தொடக்கத்தில் மத்திய அரசு வேலைகளில் பத்தில் ஒரு பங்குதான் இதற்குள் வந்தது. மீதியைச் சேர்க்கும் அதிகாரம் ஜனாதிபதியிடம் இருந்தது. அப்புறம் நடந்ததைப் பாருங்கள்: பதவியை விட்டுப் போகிற ஜனாதிபதிகள், தாங்கள் வைத்த ஆட்களைக் காப்பாற்றவே மேலும் பல வேலைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். சுயநலம்தான். ஆனால் அவர்கள் வைத்த ஆள் போனபிறகு அதே நாற்காலிக்கு வந்தவர் தேர்வு எழுதித்தான் வந்தார்.