குறைக்கு என்ன விலை? – வாசகர் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடுகின்ற கற்பனைப் பாத்திர ஆட்டங்களைப் பற்றி, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்தன. அவற்றுள் நான்கு கடிதங்கள் ஒரே பொருளைக் கேட்டன: பாத்திரத்துக்குக் குறை வைப்பது எப்படி, அதற்கு ஈடாகத் தரப்படும் ‘ஃபீட்’ என்னும் தனித்திறனை எப்படிச் சரிக்கட்டுவது? அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எங்கள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அந்த 61 நாட்களில் நாங்கள் ஐந்து பேர் மாலைதோறும் கூடி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 3.5 பதிப்பை ஆடுகிறோம். கதையை நான் நடத்துகிறேன். குறை ஒன்றை எடுத்தால் தனித்திறன் ஒன்று இலவசம் என்ற விருப்ப விதியை அனுமதித்தேன். வில்லாளியாக ஆடும் நண்பர், நேருக்கு நேர் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் பகடை எண்ணில் 2 குறையும் என்ற குறையை எடுத்துக்கொண்டார். அவர் ஒருநாளும் வாள் எடுப்பதில்லை. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் என்ன செய்வது? – பாம்பன் வாசகர்

பதில்: உங்கள் வில்லாளி எந்த விதியையும் மீறவில்லை. விதியில் திறந்து கிடந்த வாசல் வழியாகவே நுழைந்திருக்கிறார். ஆகவே முதலில் அவர்மீது வருத்தம் வேண்டாம்.

அவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்று பார்ப்போம். தனித்திறன் என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் இந்த ஆட்டத்துக்குள் வந்தது. அதன்படி பொதுவாக எந்தப் பாத்திரமும், அனுபவம் கூடக்கூட ஏறும் நிலைகளில், முதல் நிலையில் ஒன்று, மூன்றாம் நிலையில் ஒன்று, ஆறாம் நிலையில் ஒன்று என்ற கணக்கில்தான் தனித்திறன்களைப் பெறும். குறைகளுக்கான விருப்ப விதி 2004இல் வெளிவந்தது. தொடக்கத்தில் இரண்டு குறைகள் வரை எடுக்கலாம், குறைக்கு ஒன்று வீதம் இரண்டு தனித்திறன்கள் கிடைக்கும் என்பதே அந்த விதி. ஆகவே இரண்டு குறைகளை எடுத்தவர், மற்றவர்கள் ஆறாம் நிலையில் எட்டும் எண்ணிக்கையை முதல் நாளிலேயே கையில் வைத்திருப்பார். வில்லாளிக்கு இதன் பயன் இன்னும் அதிகம். அருகிலிருந்து குறிபார்க்கும் திறன் இருந்தால்தான், கைகலப்புக்குள் தவறாமல் எய்யும் திறனையும் விரைந்து எய்யும் திறனையும் எடுக்க முடியும் என்று அவை படிப்படியாக அமைந்திருப்பதால், கூடுதலாகக் கிடைக்கும் ஒன்றே அவரை அடுத்த படிக்கு ஏற்றிவிடும்.

இனி, அவர் கொடுத்த விலையைப் பார்ப்போம். இருபது முகப் பகடையில் 1 என்பது நூற்றுக்கு 5 என்பதால், 2 குறைவது நூற்றுக்கு 10 ஆகிறது. எண்ணளவில் இது சிறியதன்று. ஆனால் அந்தப் பகடையை அவர் உருட்டவே போவதில்லை என்றால், எவ்வளவு பெரிய எண்ணும் பூச்சியம்தான். கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். வாடை பிறந்தால் இது தலைகீழாகும். ‘நான் தென்கடலுக்குப் போகமாட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், அது அவருக்கு இழப்பா இல்லையா என்பதை மாதத்தைக் கேட்காமல் நம்மால் சொல்ல முடியாது. குறையின் எடையும் அப்படித்தான். அது எவ்வளவு ஆழமாக வெட்டுகிறது என்பதோடு, எத்தனை முறை எதிர்ப்படுகிறது என்பதையும் பெருக்கிப் பார்த்தாக வேண்டும். அச்சிட்ட விதியால் முதலாவதை மட்டுமே நிர்ணயிக்க முடியும். இரண்டாவது உங்கள் மேசையில் மட்டுமே தெரியும் என்பதால், கடந்த ஐந்து அமர்வுகளில் ஒவ்வொருவர் குறையும் எத்தனை முறை பகடையைத் தொட்டது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒருமுறைகூடத் தொடாத குறை, குறையே அன்று.

இந்த இடத்தில் ஆட்டத்தை நடத்துபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. வில்லாளியைத் தண்டிப்பதற்காக, ஒவ்வொரு சண்டையிலும் பகைவர்களை அவர் காலடியிலேயே கொண்டுவந்து இறக்குவார்கள். இதை நானும் செய்து, ஒரு நல்ல ஆட்டக்காரரை இழந்திருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அதைச் செய்யாதீர்கள். அந்த நொடியிலிருந்து கதை நின்றுபோய், இரண்டு பேருக்கு இடையிலான வழக்கு தொடங்கிவிடும்.

மாறாக, அவரோடு தனியே உட்கார்ந்து குறையை மாற்றி எழுதுங்கள். உங்கள் கதை துறைமுகத்தில் நடந்தால் இப்படி வைக்கலாம்: அந்த வில்லாளியின் தந்தை புயலில் கடலோடு போனவர், கீழ்வானம் கறுத்துவிட்டால் இவனுக்குப் படகின் தளத்தில் கால் நிலைக்காது, மன உறுதிப் பகடையில் தவறினால், கரையேறும்வரை எய்யும் ஒவ்வொரு அம்புக்கும் 2 குறையும். அளவு அதே 2தான். ஆனால் இப்போது அது வில்லைத் தொடுகிறது, அவரும் வானத்தைப் பார்க்கத் தொடங்குவார். ‘இன்று கிளம்பலாமா, விடியட்டுமா’ என்று குழுவோடு வாதாடுவார். பாத்திரத்தின் முடிவை மாற்றும் குறைக்குத்தான் தனித்திறன் தரலாம். கூட்டல் கழித்தலை மட்டும் மாற்றும் குறைக்குத் தர வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் ‘பேராசைக்காரன்’ என்று எழுதிவைத்து அதற்கு ஈடாக, திறன்களை வாங்க உதவும் புள்ளிகளையும் வாங்கிக்கொண்டார். புதையல் எதிரில் இருக்கும்போதோ, ‘என் பாத்திரம் இப்போது விவேகமாக நடந்துகொள்ளும்’ என்கிறார். அவரை வற்புறுத்துவது சரியா? – தேவிபட்டினம் வாசகி

பதில்: வற்புறுத்தினால் ஆடுபவரின் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கியதாகிவிடும், சும்மா விட்டால் விலை கொடுக்காமல் பொருளை எடுத்துப் போனதாகிவிடும். இந்தச் சிக்கல் மிகப் பழையது. குறைக்குப் புள்ளி தரும் வழக்கத்தை 1981இல் வந்த சாம்பியன்ஸ் ஆட்டம் பரப்பியது. 1986இல் வந்த கர்ப்ஸ் அதை விரிவாக்கியது. இந்தக் கேள்விக்கு முறையான விடை ஒன்றும் கர்ப்ஸின் நான்காம் பதிப்பில் இருக்கிறது. பேராசை போன்ற மனக்குறையை எடுப்பவர், அதனோடு ஓர் அடக்க எண்ணையும் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆசை எழும் நேரத்தில் மூன்று ஆறு முகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையாக அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் தன்னை அடக்கிக்கொள்ளலாம். எண் 12 என்றால் ஏறத்தாழ நான்கில் மூன்று முறை அடக்கம் வெல்லும், அதற்கு இயல்பான புள்ளி. 9 என்றால் நூற்றுக்கு 37 அல்லது 38 முறைதான் வெல்லும், புள்ளி ஒன்றரை மடங்கு. 6 என்றால் பத்தில் ஒருமுறைகூட வெல்லாது, புள்ளி இரு மடங்கு. குறை எத்தனை முறை கடிக்கும் என்பதையே விலையாக்கிய இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆயினும் உங்கள் மேசைக்கு நான் பரிந்துரைப்பது வேறு வழி. குறைக்கான கூலியைத் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள், அது கடிக்கும் நேரத்தில் கொடுங்கள். கர்ணனை நினைத்துப் பாருங்கள். ‘கேட்டவருக்கு இல்லை என்னேன்’ என்ற உறுதி அவனுடைய பெருமை. பகைவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே அவனை வீழ்த்தும் வழி. இந்திரன் அந்தணனாக வந்து கவசத்தையும் குண்டலங்களையும் கேட்டபோது, கொடுப்பதா வேண்டாமா என்பது கர்ணன் கையில்தான் இருந்தது. கொடுத்தான், ஒரே ஒருமுறை எறியக்கூடிய சக்தி ஆயுதத்தை ஈடாகப் பெற்றான். குறை வினையாற்றிய அந்த இடத்திலேயே ஈடும் வந்து சேர்ந்துவிட்டது. ஃபேட் என்ற ஆட்டத்தின் அடிப்படையே இதுதான். நடத்துபவர், பின்னால் செலவழித்து உதவி பெறக்கூடிய ஒரு புள்ளியை நீட்டி, ‘உன் பாத்திரத்தின் பேராசை இங்கே குறுக்கிடுகிறது’ என்பார். ஏற்றால் புள்ளி உங்களுக்கு, மறுத்தால் உங்களிடமுள்ள ஒரு புள்ளியைக் கொடுத்துத்தான் மறுக்க முடியும்.

எங்கள் மேசையில் இதற்குச் சோழிகளைப் பயன்படுத்துகிறோம். இராமேசுவரத்துக் கடைகளில் வாங்கிய ஒரு கைப்பிடிச் சோழி, ஒரு கொட்டாங்குச்சியில் என் வலப்பக்கம் இருக்கும். சென்ற மாதம் ஒருநாள், மூழ்கிய தோணியின் அடியறையில் நீர் கழுத்தளவு ஏறியிருக்க, சேற்றில் ஒரு வலம்புரிச் சங்கு கண்ணில் பட்டது. நான் எதுவும் பேசாமல் ஒரு சோழியை எடுத்து, பேராசைக்காரனாக ஆடும் இளைஞரின் முன்னால் வைத்தேன். அவர் சோழியைப் பார்த்தார், தோழர்களைப் பார்த்தார், ‘ஒரே மூச்சுதான், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிக் குனிந்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. மற்ற மூவரும் தலையில் கைவைத்தார்களே தவிர, ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பின்னர் வேறொரு சண்டையில் அந்தச் சோழியைச் செலவழித்து, அவர்தான் அந்த மூவரையும் காப்பாற்றினார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பை ஆடுபவர்கள், அதிலுள்ள உத்வேக விதியையே இவ்வாறு பயன்படுத்தலாம். ஒரு பகடைக்குப் பதில் இரண்டை உருட்டிப் பெரியதை எடுக்கலாம் என்பதால், 11 தேவைப்படும் இடத்தில் நூற்றுக்கு 50 என்ற வாய்ப்பு 75 ஆகிறது. இது நல்ல கூலி.

கேள்வி: என் பாட்டனார் சங்கு குளித்தவர், ஆழத்தின் அழுத்தத்தில் ஒரு காது கேளாமல் போயிற்று. ஆட்டத்தில் ஒரு நண்பர் ‘செவிடு’ என்பதைக் குறையாக எடுத்து இரண்டு திறன்களை வாங்கியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நான் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்படுகிறேனா? – கீழக்கரை வாசகர்

பதில்: இல்லை, உங்கள் வருத்தம் நியாயமானது. பார்வை, செவி, கால் ஆகியவற்றின் இழப்பைப் பழைய ஆட்டங்கள் விலைப்பட்டியலில் வைத்துப் புள்ளிகளாக விற்றன. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. வாங்கியவர் பெரும்பாலும் புள்ளியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் அமர்விலேயே அந்த நிலையை மறந்துவிடுவார். எல்லோர் பேச்சும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய தவறு, ஓர் உடல்நிலையை அந்த மனிதரின் ‘குறை’ என்று பெயரிடுவது. உங்கள் பாட்டனாரின் காது அவருடைய குணக்குறை அன்று. அவர் தொழில் அவரிடம் வாங்கிக்கொண்டது. இரைச்சலுக்கு நடுவில் எந்தப் பக்கம் நிற்பது, பேசுபவரின் வாயசைவை எப்படிக் கவனிப்பது, நீருக்கடியில் கயிற்றின் இழுப்பை மட்டும் வைத்து மேலிருப்பவரிடம் எப்படிச் செய்தி சொல்வது என்று அவருக்குத் தெரிந்தவை ஏராளமாக இருக்கும்.

எங்கள் மேசையில் நாங்கள் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். உடல்நிலையை யார் வேண்டுமானாலும் தம் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; அதற்குப் புள்ளியும் இல்லை, தண்டனையும் இல்லை. குறை என்ற பெயர் முன்கோபம், வீண்பெருமை, பழிதீர்க்கும் வெறி, சொன்ன சொல்லை எந்நிலையிலும் மாற்றாத பிடிவாதம் என்று, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கக்கூடியவற்றுக்கு மட்டுமே. உங்கள் நண்பரிடம் பாட்டனாரைப் பற்றிச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் அறியாமல்தான் செய்திருப்பார்.

கேள்வி: பெரிய ஆயுதத்தால் அடிக்கும்போது குறிக்கான பகடை எண்ணில் 5 குறைத்து, சேதத்தில் 10 கூட்டிக்கொள்ளும் தனித்திறன் மிகவும் வலியது என்று எங்கள் குழுவில் தடை செய்துவிட்டார்கள். இது முறையா? – தொண்டி வாசகர்

பதில்: அது 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் தனித்திறன். தடை செய்யும் முன் கணக்கைப் பாருங்கள். சராசரியாக 10 சேதம் தரும் வாள்வீரர், 8 விழுந்தாலே படும் பகைவனை அடிக்கிறார் என்று கொள்வோம். நூற்றுக்கு 65 முறை படும். ஓர் அடியின் சராசரி 6.5. தனித்திறனைப் பயன்படுத்தினால் 13 விழ வேண்டும். நூற்றுக்கு 40 முறைதான் படும் என்றாலும் சேதம் 20 என்பதால் சராசரி 8. அதே வீரர், 14 விழுந்தால்தான் படும் இரும்புக் கவசக்காரனை அடித்தால் 3.5 என்பது 2 ஆகக் குறைந்துவிடும். எனவே அது எப்போதும் இலாபம் அன்று. காற்றைப் பார்த்துப் பாயை முழுதாக விரிப்பதா, சுருக்குவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டிய திறன் அது. தன் விலையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் இப்படிப்பட்ட தனித்திறன்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆகவே 2024இல் வந்த திருத்தப் பதிப்பு இந்தக் கொடுக்கல் வாங்கலை நீக்கிவிட்டு, ஒரு சிறிய கூட்டலை மட்டும் வைத்தபோது எனக்கு மனக்குறைதான்.

இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கும் வாய்ப்பை அந்த வீரருக்கு ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஏற்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் கணக்கு சாய்ந்துவிடும். அப்போதும் தடை வேண்டாம். முதலில் இரண்டு அமர்வுகளுக்குப் பகைவர்களின் கவசத்தைக் கலந்து வையுங்கள்: எளிதில் அடிபடும் நால்வர், அவர்களுக்கு நடுவே அடி படவே படாத ஒருவர். எந்த அடிக்குத் திறனைப் பயன்படுத்துவது என்று வீரர் நின்று யோசிக்கிறாரா என்று கவனியுங்கள். யோசித்தால் அந்தத் திறன் உங்கள் மேசையில் இருக்கலாம்.