எம்பி4-இல் லோகோவின் பின்னணி கருப்பாக வருகிறது: பதில்

பின்னணி இல்லாத லோகோ வீடியோவை எம்பி4-ஆக எக்ஸ்போர்ட் செய்தால் பின்னணி கருப்பாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். எம்பி4-ஐ விட்டுவிடுங்கள். எம்ஓவி வடிவில், புரோரெஸ் 4444 கோடெக்கில் (கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) எக்ஸ்போர்ட் செய்யுங்கள், லோகோவைச் சுற்றியுள்ள கருப்பு போய்விடும். எம்பி4-க்கு வழக்கமாகப் பயன்படும் எச்.264 கோடெக்கில் ஒளிபுகும் பகுதியைச் சேமிக்க இடமே இல்லை. அதனால் அந்த இடம் கருப்பாக நிரம்பிவிடுகிறது.

"எம்ஓவி-யும் போட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் உறை (கோப்பு வடிவம்) மட்டும் மாறி, உள்ளே கோடெக் எச்.264-ஆகவே இருந்திருக்கும். புரோரெஸ் 422 என்றாலும் பலன் இல்லை. 4444-தான் ஆல்ஃபாவை, அதாவது எந்தப் பகுதி ஒளிபுகும் என்ற தகவலைத் தாங்கும். அதோடு ஆல்ஃபா சேனலையும் தனியாக இயக்க வேண்டும்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'ஆர்ஜிபி + ஆல்ஃபா', டாவின்சி ரிசால்வில் 'எக்ஸ்போர்ட் ஆல்ஃபா'. பலரும் தவறவிடுவது இதைத்தான்.

சரி, வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பிளேயரில் திறந்து முடிவு செய்யாதீர்கள். ஆல்ஃபா சரியாக இருந்தாலும் பல பிளேயர்கள் கருப்பாகவே காட்டும். எடிட்டரில் பளிச்சென்ற மஞ்சள் லேயர் ஒன்றைப் போட்டு, அதன் மேல் டிராக்கில் கோப்பை வையுங்கள். மஞ்சள் தெரிந்தால் வேலை முடிந்தது. எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் எக்ஸ்போர்ட்டில் பிழை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிளிப்பின் ஆல்ஃபா அமைப்பை 'பிரீமல்டிபிளைடு' (ஓரங்களில் பின்னணி நிறம் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்று பொருள்) என்று மாற்றிப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: கோப்பு எம்பி4-ஐவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். இது எடிட்டிங்குக்கான கோப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்ப அல்ல. இணையதளத்தில் வைக்கவேண்டுமென்றால் விபி9 கோடெக்கில் வெப்எம் (இணையத்துக்கான வீடியோ வடிவம்) கோப்பாக எடுங்கள், ஆனால் எல்லா உலாவிகளிலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.