பன்னிரண்டு தராசும் ஒரு சான்றிதழும்

கேள்வி: பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஒரு ஐ.டி. நிறுவனத்தில் ரிஸ்க் அண்ட் கம்ப்ளையன்ஸ் டீமில் சேர்ந்திருக்கிறேன். சர்வீஸ்நவ் மென்பொருளின் ரிஸ்க் அண்ட் கம்ப்ளையன்ஸ் சான்றிதழ்த் தேர்வை இரண்டு மாதத்தில் எழுதச் சொல்கிறார்கள். எனக்குக் கோடிங் தெரியாது. கூட வேலை செய்பவர் 300 கேள்வி அடங்கிய டம்ப்ஸ் (தேர்விலிருந்து கசிந்ததாகச் சொல்லப்படும் கேள்வி-பதில்) பி.டி.எஃப். கொடுத்து, "உருப்போட்டால் பாஸ்" என்கிறார். பாதி படித்தும் மண்டையில் ஏறவில்லை. என்ன செய்ய?
- ஈரோடு வாசகி

பதில்: முதலில் அந்த பி.டி.எஃப்.பை மூடி வையுங்கள். டம்ப்ஸ் விவகாரம் தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்வார்கள், அது ஒரு பக்கம். இன்னொன்று, அது பெரும்பாலும் பழசாக இருக்கும். இந்த மென்பொருளுக்கு வருடத்துக்கு இரண்டு புதிய பதிப்பு வருகிறது. வான்கூவர், வாஷிங்டன் டிசி, ஸனாடு என்று ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போவார்கள். கூடவே உள்ளே இருக்கும் சொற்களும் மாறும். முன்பு 'ப்ரொஃபைல்' என்றிருந்தது இன்று 'என்டிட்டி'. 'பாலிசி ஸ்டேட்மென்ட்' இன்று 'கன்ட்ரோல் அப்ஜெக்டிவ்'. உங்கள் பி.டி.எஃப்.பில் 'ப்ரொஃபைல் டைப்' என்று கேள்வி இருந்தால் அதன் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கோடிங் பயமும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் தெரியும் என்ற தைரியத்தில் போன நான் முதல் தடவை ஃபெயில். கன்ட்ரோல் அப்ஜெக்டிவ்வுக்கும் கன்ட்ரோலுக்கும் என்ன வித்தியாசம் என்பதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், முழித்தேன். ஆடிட் பார்த்த உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். இவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் தெரியாது.

12 கிளை உள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். தராசைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அந்தச் சட்டம், இந்த மென்பொருளின் மொழியில், அத்தாரிட்டி டாக்குமென்ட். அதில் முத்திரை பற்றிய 24-ஆம் பிரிவு, சைட்டேஷன். 'பயன்பாட்டில் உள்ள ஒவ்வொரு தராசுக்கும் செல்லுபடியாகும் முத்திரை இருக்க வேண்டும்' என்று நிர்வாகம் எழுதி வைப்பது, கன்ட்ரோல் அப்ஜெக்டிவ். இதுவரை எல்லாம் ஏட்டில்தான். எந்தக் கடை, யார் பொறுப்பு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

இப்போது 'கிளைகள்' என்று ஒரு என்டிட்டி டைப் (விதி யார் யாருக்குப் பொருந்தும் என்ற தொகுப்பு) உருவாக்கி, எந்த டேபிளில் எந்த ரெக்கார்டுகள் என்று ஃபில்டர் கொடுங்கள். 12 கிளையும் 12 என்டிட்டியாக வந்து நிற்கும். அந்த டைப்பைக் கன்ட்ரோல் அப்ஜெக்டிவ்வோடு இணைத்தால் கடைக்கு ஒன்றாக 12 கன்ட்ரோல், அதாவது பொதுவாக எழுதிய விதி அந்தந்தக் கடைக்கென்று இறங்கிய பதிவு, தானாகப் பிறக்கும். பெருந்துறைக் கிளையின் தராசுக்கு இனி அந்த மேனேஜர்தான் பதில் சொல்ல வேண்டும். தேர்வு சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான். இது பிடிபட்டால் மற்றது தன்னால் வரும்.

பிறந்த கன்ட்ரோல் டிராஃப்ட், அட்டெஸ்ட், ரிவ்யூ, மானிட்டர் என்று நிலை மாறிப் போகும். அட்டெஸ்ட் நிலையில் மேனேஜருக்குக் கேள்வி போகும்: முத்திரை இருக்கிறதா? இல்லை என்றால் கன்ட்ரோல் 'நான்-கம்ப்ளையன்ட்' (விதிக்கு உட்படாதது) ஆகி, ஒரு இஷ்யூ எழும். ஆடிட்டில் குறிப்பு எழுதி விளக்கம் கேட்பீர்களே, அதேதான். மனிதரைக் கேட்காமல், முத்திரைத் தேதியை மென்பொருளே அவ்வப்போது பார்த்துக்கொள்வது இண்டிகேட்டர்.

ரிஸ்க் பகுதி உங்களுக்குச் சுலபம். முத்திரை இல்லாமல் ஒரு தடவை மாட்டினால் நஷ்டம் 50,000 ரூபாய், வருடத்தில் 4 தடவை நடக்கும் என்றால் ஆண்டு நஷ்டம் 2,00,000. கன்ட்ரோல் போடுவதற்கு முன் உள்ள ரிஸ்க் இன்ஹெரன்ட், போட்ட பின் மிஞ்சுவது ரெசிடுவல். அப்புறம் ரிஸ்க்கை என்ன செய்வது என்பதற்கு அக்செப்ட் (ஏற்பது), அவாய்ட் (தவிர்ப்பது), மிட்டிகேட் (குறைப்பது), ட்ரான்ஸ்ஃபர் (வேறொருவர் தலையில் மாற்றுவது) என்ற நாலு பதில்கள். இன்ஷூரன்ஸ் எடுப்பது ட்ரான்ஸ்ஃபர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரோல், அதாவது மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் தரும் அனுமதி, அவற்றின் பெயர்களுக்கு மட்டும் உருப்போடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. யார் உருவாக்கலாம், யார் மாற்றலாம், யார் பார்க்க மட்டும் முடியும் என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள்.

சர்வீஸ்நவ்வின் டெவலப்பர் தளத்தில் இலவசமாக ஒரு பயிற்சி இன்ஸ்டன்ஸ் (உங்களுக்கென்று தனியாகத் தரும் மென்பொருள் பிரதி) கிடைக்கும். அதில் இந்த 12 கடையையும் நீங்களே கட்டுங்கள். பத்து நாள் தொடாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், உழைப்பெல்லாம் போகும். போனால் மறுபடி கட்டுங்கள். எனக்கு இரண்டாவது தடவை கட்டும்போதுதான் புரிந்தது. இன்னொன்று: சில கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கும். அத்தனையையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது.

சரி, சி.எஸ்.ஏ. என்ற அடிப்படைத் தேர்வை முடித்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது இல்லாமல் இதற்குப் போக முடியாது. இன்னும் எழுதவில்லை என்றால் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மாதம் போதாது. தேர்வுத் தேதியைப் பதிவு செய்வதற்கு முன் உங்கள் மேனேஜரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.